கெமர் ரூஜ் ஆட்சியில் சாதாரண மக்களின் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவைக் கெமர் ரூஜ் இயக்கம் ஆண்ட காலத்தை அந்நாட்டு மக்கள் ஆண்டுக் கணக்கில் மட்டும் சொல்வதில்லை. மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மண்டையோடுகள் அடுக்கிய நினைவுக் கோபுரத்தின் படம்தான் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கொலைகளுக்கு அப்பால், உயிரோடு இருந்தவர்களின் அன்றாடம் என்னவாயிற்று, எதை உண்டார்கள், யாரோடு உறங்கினார்கள், யாருக்காக அழ அவர்களுக்கு அனுமதி இருந்தது என்ற கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஓர் அரசு மக்களின் வாழ்வை முழுவதுமாகக் கைப்பற்றுவது என்றால் என்ன என்பது இந்தச் சிறிய விவரங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது எங்கள் கருத்து.

இந்த ஆட்சி எப்படி வந்தது?

1970 மார்ச்சில் இளவரசர் சிஹானூக்கை அகற்றிவிட்டு ஜெனரல் லோன் நோல் அதிகாரத்தைப் பிடித்தார். பதவி இழந்த சிஹானூக், பெய்ஜிங்கில் இருந்தபடி, தாம் முன்பு ஒடுக்கிய கம்யூனிஸ்டுகளான கெமர் ரூஜுக்கே ஆதரவு தந்தார்; அவரைத் தெய்வம்போல் மதித்த கிராமத்து இளைஞர்கள் பலர் அவர் பெயரைக் கேட்டே காட்டுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார்கள். 1973 ஆகஸ்ட் வரை நீடித்த அமெரிக்க விமானக் குண்டுவீச்சு கிராமங்களைச் சிதைத்து அகதிகளை நகரங்களுக்குள் தள்ளியது. லோன் நோல் அரசு ஊழலில் மூழ்கிக் கிடந்தது. போரினால் களைத்திருந்த மக்கள், 1975 ஏப்ரல் 17 அன்று கறுப்பு உடையணிந்த படையினர் தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தபோது, சண்டை ஓய்ந்தது என்ற நிம்மதியில் தெருவோரம் நின்று அவர்களை வரவேற்றார்கள்.

முதல் நாளிலேயே நகரத்தைக் காலி செய்தது ஏன்?

அந்த வரவேற்பு சில மணி நேரமே நீடித்தது. அன்று பகலிலேயே ஒலிபெருக்கிகளோடும் துப்பாக்கிகளோடும் வீடுவீடாக வந்தவர்கள், அமெரிக்க விமானங்கள் குண்டு வீசப் போகின்றன, இரண்டு மூன்று நாட்களில் திரும்பிவிடலாம், அதிகம் எடுத்துச் செல்ல வேண்டாம் என்றார்கள். போருக்கு முன் சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் அகதிகளையும் சேர்த்து அப்போது 20 லட்சம் பேருக்கு மேல் இருந்தனர். அத்தனை பேரும் சாலைகளில் இறக்கிவிடப்பட்டார்கள். மருத்துவமனைகளும் தப்பவில்லை, அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு உறவினர்கள் நடந்தார்கள், கர்ப்பிணிகள் சாலையோரம் பிள்ளை பெற்றார்கள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் கெமர் புத்தாண்டு முடிந்து ஓரிரு நாளே ஆகியிருந்தது. ஆண்டிலேயே வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் மாதம் அது.

குண்டு எதுவும் விழவில்லை. அவர்களைத் திரும்ப விடவும் இல்லை. நகரம் என்பது சுரண்டலின் கூடாரம், வணிகரும் அதிகாரிகளும் எதிரி உளவாளிகளும் ஒளிந்திருக்கும் இடம் என்பது தலைமையின் நம்பிக்கை. நகரவாசியை வீடு, வேலை, அண்டை அயலார், சேமிப்பு ஆகிய அனைத்திலிருந்தும் ஒரே நாளில் பெயர்த்தெடுத்துவிட்டால் அவரால் எதிர்த்து அமைப்பாகத் திரள முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது. மற்ற நகரங்களும் இவ்வாறே காலி செய்யப்பட்டன. பல குடும்பங்கள், ஓரிடத்தில் குடிசை போட்டு அமர்ந்த சில மாதங்களிலேயே, வடமேற்கே பட்டம்பாங், பூர்சாட் பகுதிகளுக்கு இரண்டாவது முறையாகப் பெயர்க்கப்பட்டன.

ஆள்பவர் யார் என்று மக்களுக்குத் தெரிந்திருந்ததா?

பெரும்பாலானோருக்குத் தெரியாது. எல்லாக் கட்டளைகளும் 'அங்கார்' என்ற பெயரிலேயே வந்தன. அமைப்பு என்பது அதன் பொருள். நெல்லை அங்கார் கேட்கிறது, உன் மகனை அங்கார் அழைக்கிறது, உனக்கு அங்கார் மணம் முடிக்கிறது என்பார்கள். அங்காரின் முகத்தைக் கண்டவர் எவரும் இல்லை. அதற்கு அன்னாசிப்பழத்தைப் போல உடம்பெல்லாம் கண்கள் என்ற பேச்சு மட்டும் ஊர் ஊராகப் பரவியிருந்தது. ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சிதான் என்பதையே 1977 செப்டம்பரில்தான் கட்சித் தலைவர் போல் பாட் வெளிப்படையாக அறிவித்தார். சலோத் சார் என்ற இயற்பெயருடைய அவர், பாரிஸில் வானொலித் தொழில்நுட்பம் படிக்கச் சென்று திரும்பி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய உடன்பிறந்தவர்களுக்கே போல் பாட் என்பவர் தம் வீட்டுப் பிள்ளை என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது.

பெயரும் முகமும் இல்லாத அதிகாரத்திடம் மனு கொடுக்க முடியாது, முறையிட முடியாது, அதற்கு ஒரு அலுவலக வாசல்கூடக் கிடையாது. கொடுங்கோலன் ஒருவனின் கீழ் வாழ்ந்தவர்களுக்குக்கூடச் சபிப்பதற்கு ஒரு பெயர் இருந்தது. இந்த மக்களுக்கு அதுவும் இல்லை.

மக்களை எவ்வாறு பிரித்தார்கள்?

போரின்போதே இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கிராமத்தார் 'அடிப்படை மக்கள்' ஆனார்கள். நகரங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் 'புதிய மக்கள்' அல்லது 'ஏப்ரல் 17 மக்கள்' எனப்பட்டார்கள். பங்கீடு, வேலை, தண்டனை ஆகிய மூன்றும் இந்த அடையாளத்தைப் பொறுத்தே அமைந்தன. புதியவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஒரு வாசகத்தைத் தப்பிப் பிழைத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்: 'உன்னை வைத்திருப்பதால் லாபம் இல்லை, நீ போனால் நட்டமும் இல்லை.'

ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டும், அல்லது எழுதித் தர வேண்டும்; சில மாதம் கழித்து மறுபடியும் தர வேண்டும். இரண்டு வரலாறுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் ஐயம் எழும். ஆகவே ஆசிரியர் தம்மைச் சைக்கிள் ரிக்ஷா ஓட்டியவர் என்றும், அதிகாரியின் மனைவி தம்மைச் சந்தையில் காய்கறி விற்றவர் என்றும் சொல்லிக்கொண்டு, அந்தப் பொய்யைத் தம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்தார்கள்.

கண்ணாடி அணிந்தவர்களைக் கொன்றார்கள் என்பது உண்மையா?

கண்ணாடி அணிந்த அனைவரையும் கொல்லுமாறு ஓர் ஆணை பிறந்ததாகச் சொல்வது மிகை. படித்தவன் என்று காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளமும் ஆபத்தாக இருந்தது என்பதே சரியான விடை. அதனால் பலர் தம் கண்ணாடியைத் தாமே உடைத்தும் புதைத்தும் மறைத்தார்கள். பழைய அரசின் படை அதிகாரிகளும் உயர் அலுவலர்களும் முதல் வாரங்களிலேயே தேடிக் கொல்லப்பட்டார்கள். மற்ற படித்தவர்கள் சிறுகச் சிறுக, ஊருக்கு ஊர் மாறுபட்ட வேகத்தில், இனங்காணப்பட்டார்கள். பிரெஞ்சுச் சொல் ஒன்று வாய்தவறி வந்தாலும், சேற்றில் இறங்கத் தெரியாமல் கால் தடுமாறினாலும் உயிருக்கு ஆபத்து வரக்கூடும் என்ற அச்சத்திலேயே அவர்கள் வாழ்ந்தார்கள். ஆட்சியின் தலைவர்களோ பெரும்பாலும் கல்லூரி கண்டவர்கள், பலர் பாரிஸில் படித்தவர்கள்.

பணமே இல்லாமல் எப்படி வாழ்ந்தார்கள்?

ஆட்சியாளர்கள் தலைநகரின் மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சீனாவில் அச்சிட்டு வைத்திருந்த தம்முடைய புதிய நோட்டுகளையும் வெளியிடாமலே கைவிட்டார்கள். சந்தை, கடை, கூலி, சம்பளம், வாடகை, தபால் என்று ஒன்றும் இல்லை. பணம் ஒழிந்தால் ஏற்றத்தாழ்வு ஒழியும் என்று மேடையில் சொல்லப்பட்டது. நடைமுறையிலோ, ஒரு மனிதன் தன் உழைப்பைக் கொண்டு தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும் வழி அடைபட்டது. உண்பதற்கு அங்காரின் கையை மட்டுமே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

இருட்டில் மட்டும் ஒரு வணிகம் உயிரோடு இருந்தது. இடுப்பில் தைத்து மறைத்த தங்கச் சங்கிலி, கைக்கடிகாரம், ஒரு பட்டுச் சேலைத் துணி ஆகியவற்றைக் கொடுத்து அடிப்படை மக்களிடமும் சிறு பொறுப்பாளர்களிடமும் அரிசி வாங்கினார்கள். பால் டின்தான் அளவுபடி. ஒரு டின்னில் ஏறக்குறைய கால் கிலோ அரிசி பிடிக்கும். சில டின் அரிசிக்காகத் தாலிக்கு ஒப்பான நகைகள் கைமாறின. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே இதைச் செய்தார்கள்.

ஒரு நாளின் வேலை எவ்வாறு இருந்தது?

விடியுமுன் மணி அடிக்கும். வரிசையாக வயலுக்கோ வாய்க்காலுக்கோ அணைக்கட்டுக்கோ போக வேண்டும். நண்பகலில் ஒரு சிறு இடைவேளை. அந்தி வரை வேலை. அறுவடைக் காலத்திலும் அணை வேலையிலும் நிலவொளியிலும் தீப்பந்த வெளிச்சத்திலும் தொடரும். ஏழு நாள் வாரம் எடுக்கப்பட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்றானது. அந்த ஓய்வு நாளிலும் அரசியல் கூட்டமும் தன்விமர்சனக் கூட்டமும் நடந்தன. திருமணமாகாத இளைஞர்களையும் இளம்பெண்களையும் நடமாடும் படைகளாகத் திரட்டி, பெற்றோரிடமிருந்து வெகுதொலைவில், மிகக் கடினமான இடங்களுக்கு அனுப்பினார்கள். வடமேற்கில் உள்ள டிராபியாங் த்மா அணையும் கம்போங் தோமில் உள்ள ஜனவரி முதல் நாள் அணையும் மண்வெட்டி, கூடை, காவடித் தண்டு ஆகியவற்றைக் கொண்டு இவ்வாறு கட்டப்பட்டவை. ஆளுக்கு இத்தனை கன மீட்டர் மண் என்று கணக்கு வைத்திருந்தார்கள். முடிக்காதவருக்குக் கஞ்சி குறையும்.

உடை கறுப்பு. கழுத்தில் கிரமா எனப்படும் கட்டம் போட்ட துண்டு. காலில் கார் டயரை வெட்டிச் செய்த செருப்பு, அதுவும் இருப்பவருக்கு மட்டுமே. கூந்தலைக் கழுத்தளவு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெண்களுக்கு ஆணை.

நெல் விளையும் நாட்டில் மக்கள் பட்டினியால் இறந்தது எவ்வாறு?

நாங்கள் மிக அதிகமாக எதிர்கொள்ளும் கேள்வி இது. விரிவான விடைக்கு உரியதும் இதுதான். கம்போடியா போருக்கு முன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு. மேகாங் ஆற்றின் வண்டலும் தோன்லே சாப் ஏரியின் மீனும் அந்த மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவை. போர் வயல்களையும் மாடுகளையும் அழித்தது உண்மையே. எனினும் ஆட்சி நிலைபெற்ற பின் வந்த பட்டினிக்கு அதை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது.

தலைமை 1976இல் ஒரு நான்காண்டுத் திட்டம் வகுத்தது. ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்பது அதன் முழக்கம். அதற்கு முன் அந்த மண் சராசரியாகத் தந்தது ஏறக்குறைய ஒரு டன் மட்டுமே. உரம், நல்ல விதை, கருவிகள், அனுபவமுள்ள நீர்ப்பாசனப் பொறியாளர் ஆகிய எதுவும் இல்லாமல் மூன்று மடங்கு எங்கிருந்து வரும்? வராது என்று மேலே சொல்லும் பொறுப்பாளர் துரோகி ஆவார். எனவே அவர் மூன்று டன் விளைந்ததாகவே எழுதி அனுப்பினார். அந்தப் பொய்க் கணக்கின்படி மேலிடம் தன் பங்கைக் கேட்டது. அவர் ஊராரின் வயிற்றுக்கும் விதைக்கும் வைத்திருந்ததை அள்ளி வண்டியில் ஏற்றினார். படைக்கும் சேமிப்புக் கிடங்குகளுக்கும் சீனாவுக்கான ஏற்றுமதிக்கும் அரிசி போனது. அதை விளைவித்தவர்களின் தட்டில் தண்ணீரில் சில பருக்கைகள் மிதந்தன.

இதற்கு மேல், வீட்டு அடுப்பையே தடை செய்தார்கள். 1976 முதல் படிப்படியாக, 1977க்குள் ஏறத்தாழ நாடு முழுவதும், பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள் வந்தன. சட்டி, பானை, அரிசி, கோழி அனைத்தும் கூட்டுறவுக்குச் சொந்தமாயின. பலரிடம் எஞ்சியது ஒரு கரண்டி மட்டும். வீட்டில் புகை எழுந்தால் குற்றம். வரப்பில் பிடித்த நண்டு, வேலியோரம் பறித்த கிழங்கு, கீழே விழுந்து கிடந்த மாம்பழம் ஆகியவற்றைத் தானே தின்றால் அது அங்காரிடமிருந்து திருடியது. ஏழை நாட்டு மக்களைப் பஞ்ச காலத்தில் காப்பாற்றுவது அவரவருடைய சின்னச் சின்ன வழிகள்தான்: கொல்லையில் நட்ட பூசணி, குளத்துக் கீரை, தூண்டில், அக்கம்பக்கத்தாரிடம் கேட்கும் கைமாற்று. அந்த வழிகள் அனைத்தையும் குற்றமாக்கியதுதான் குறை விளைச்சலைச் சாவாக மாற்றியது என்பது எங்கள் உறுதியான கருத்து. அடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல முடியாது என்பதை அந்த ஆட்சியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவருடைய கஞ்சியை நிறுத்துவது, துப்பாக்கியைத் தூக்காமலே கொடுக்கும் தண்டனையாக இருந்தது.

உடல்களில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. கால்கள் வீங்கின, பெண்களுக்கு மாதவிடாய் நின்றது, பலருக்கு மாலைக்கண் நோய் வந்தது. எலி, பல்லி, வெட்டுக்கிளி, வாழைத்தண்டு, இலைதழை என்று கிடைத்ததை உண்டார்கள்.

குடும்பம் என்னவாயிற்று?

குடும்பத்தைச் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. அது செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சோறு போடுவது, பிள்ளை வளர்ப்பது, மணம் பேசுவது, முதியோரைப் பேணுவது, இறந்தவருக்குச் சடங்கு செய்வது ஆகியவை அங்காரின் பொறுப்பாயின. கணவன் ஒரு படையில், மனைவி வேறொரு படையில், பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் என்று பிரிந்து, மாதக் கணக்கில் ஒருவரை ஒருவர் பாராமல் இருந்தார்கள். எல்லோரும் எல்லோரையும் 'தோழர்' என்றே அழைக்க வேண்டும். இரவில் குடிசைகளின் அடியில் ஒளிந்து, தம்பதியர் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்கு ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள்; மரத்தூண்களின்மேல் உயர்த்திக் கட்டும் கெமர் வீடு அதற்கு வசதியாகவும் இருந்தது.

அழுவதும் குற்றமாயிற்று. கொண்டுபோகப்பட்ட கணவனுக்காக மனைவி அழுதால் அவள் எதிரிக்காக அழுகிறாள் என்று பொருள். பழைய வாழ்க்கையை எண்ணி ஏங்குபவருக்கு 'நினைவு நோய்' என்று பெயரிட்டார்கள். அந்த நோய் கண்டவரை மேல்படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை.

திருமணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொறுப்பாளர்கள் இணை சேர்த்த ஆண்களையும் பெண்களையும், சில ஜோடிகளாகவோ பத்து இருபது ஜோடிகளாகவோ, ஒரே நேரத்தில் கூட்டத்தின்முன் நிறுத்தி, அங்காருக்கு உண்மையாக இருப்போம், பிள்ளை பெற்றுத் தருவோம் என்று உறுதி சொல்லச் செய்தார்கள். பெற்றோர் இல்லை, பிக்குகள் இல்லை, மணிக்கட்டில் நூல் கட்டும் சடங்கு இல்லை. பலர் தம் துணையை முதன்முதலாகப் பார்த்ததே அந்த மேடையில்தான். அன்றிரவு அவர்கள் கூடினார்களா என்பதையும் உளவாளிகள் கவனித்தார்கள். மறுத்த பெண்கள் மிரட்டப்பட்டார்கள், தண்டிக்கப்பட்டார்கள். இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று, கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்கப் பின்னாளில் அமைந்த புனோம் பென் சிறப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆட்சி வீழ்ந்ததும் அத்தகைய தம்பதியர் பலர் பிரிந்துபோனார்கள். பலர் பிள்ளைகளுக்காகவோ, வேறு உறவு எவரும் உயிரோடு இல்லாததாலோ, சேர்ந்தே வாழ்ந்து முதுமை அடைந்தார்கள்.

குழந்தைகளுக்குப் பள்ளிகள் இருந்தனவா?

முந்தைய பள்ளிகள் மூடப்பட்டன. பல கட்டடங்கள் கிடங்கும் சிறையும் ஆயின. சில இடங்களில் மரத்தடியில் சிறிது எழுத்தும் எண்ணும் புரட்சிப் பாடல்களும் கற்பித்தார்கள். ஏழெட்டு வயதிலேயே சாணம் பொறுக்கவும் மண் சுமக்கவும் மாடு மேய்க்கவும் அனுப்பினார்கள். பழைய உலகத்தின் கறை படியாதவர்கள் என்று குழந்தைகளைத் தலைமை பெரிதும் நம்பியது. பெற்றோர் வீட்டில் பேசுவதை வந்து சொல்லுமாறு அவர்கள் பழக்கப்பட்டார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் காவலர்களாகவும் மருத்துவப் பணியாளர்களாகவும் ஆக்கப்பட்டார்கள். அந்தச் சிறுவர்கள் செய்த கொடுமைகளைப் படிக்கும்போது, அவர்களும் தாய்மடியிலிருந்து பறிக்கப்பட்டவர்கள் என்பதை மறக்க எங்களால் முடியவில்லை.

நோய் வந்தால் என்ன செய்தார்கள்?

பயிற்சி பெற்ற மருத்துவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள், அல்லது தம் தொழிலை மறைத்து வயலில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளம்பெண்கள் ஊசி போட்டார்கள். சில ஊசிகளில் இளநீரை ஏற்றினார்கள் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வேரையும் தழையையும் இடித்து உருட்டிய கறுப்பு மாத்திரையை மக்கள் 'முயல் புழுக்கை' என்று அழைத்தார்கள். காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு உழைப்பவரின் பங்கீட்டில் பாதியே கிடைக்கும் என்பதால் பலர் மலேரியா நடுக்கத்தோடு வேலைக்குப் போனார்கள்.

மதமும் சிறுபான்மையினரும்?

கம்போடியரில் மிகப் பெரும்பாலோர் தேரவாத பௌத்தர். பிக்குகள் காவி உடையைக் களைந்து வயலுக்கு அனுப்பப்பட்டார்கள், எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டார்கள், விகாரைகள் நெல் கிடங்காகவும் சிறையாகவும் மாறின. புனோம் பென்னின் கத்தோலிக்கப் பேராலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்தார்கள். சாம் எனப்படும் முஸ்லிம் மக்களின் குரான்களைப் பறித்து, தொழுகையையும் தாய்மொழியையும் தடை செய்து, பன்றி இறைச்சியை உண்ணச் செய்து, ஊர்களைக் கலைத்துச் சிதறடித்தார்கள். கோ பால், ஸ்வாய் க்லியாங் என்ற இரு சாம் கிராமங்கள் 1975இல் வாளும் கத்தியும் ஏந்தி எழுந்தன, இரண்டும் நசுக்கப்பட்டன. வியட்நாமிய வழியினரில் பெரும்பாலோர் 1975இல் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். எஞ்சியவர்கள், கலப்பு மணம் செய்த வீடுகளில் இருந்தவர்கள் உட்பட, பின்னர் தேடிக் கொல்லப்பட்டார்கள். சாம் மக்களுக்கும் வியட்நாமியருக்கும் எதிராக நடந்ததைச் சட்டப்படி இனப்படுகொலை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

யார் சிறைக்குப் போனார்கள்?

நாடெங்கும் ஏறத்தாழ 200 சிறைகள் இருந்தன. கரண்டியை உடைத்தவர், மாட்டைத் தவறவிட்டவர், அரிசி திருடியவர் எனச் சாதாரண மக்கள் மாவட்டச் சிறைகளில் மடிந்தார்கள். தலைநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில் அமைந்த எஸ்-21 என்ற துவோல் ஸ்லெங் சிறையோ பெரும்பாலும் இயக்கத்தின் சொந்த ஆட்களுக்கானது. கணக்கு வாத்தியாராக இருந்த டுயிக் அதை நடத்தினார். குறைந்தது 12,272 பேர் அதன் வழியே சாவுக்கு அனுப்பப்பட்டதாக நீதிமன்றம் கணக்கிட்டது. ஒவ்வொருவரையும் நிழற்படம் எடுத்து, தாம் சி.ஐ.ஏ. உளவாளி, வியட்நாமின் கையாள் என்று வாக்குமூலம் எழுதும்வரை வதைத்து, நகருக்கு வெளியே சொயுங் ஏக்கில் கொன்றார்கள். உயிரோடு வெளிவந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஓவியர் வான் நாத் போல் பாட்டின் உருவங்களை வரையத் தெரிந்ததாலும், சும் மேய் இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்ததாலும் தப்பினார்கள்.

ஏழை விவசாயிகளாவது பயனடைந்தார்களா?

தொடக்கத்தில் அவர்களுக்குக் கஞ்சி சற்றுக் கெட்டியாகக் கிடைத்தது. நகரத்தாரை ஏவும் உரிமையும் சிலருக்குக் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய நிலமும் மாடும் அடுப்பும்தான் முதலில் கூட்டுறவுக்குப் போயின. பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள் வந்தபின் அவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். 1978இல் வியட்நாம் எல்லையை ஒட்டிய கிழக்கு மண்டலத்தின்மேல் ஐயம் கொண்ட தலைமை, 'கெமர் உடம்பும் வியட்நாமிய மனமும்' கொண்டவர்கள் என்று அப்பகுதி மக்களைக் குற்றஞ்சாட்டியது. அந்த மண்டலத்தின் தலைவர் சோ பிம் தற்கொலை செய்துகொண்டார். மக்கள் மேற்கே பெயர்க்கப்பட்டு, அடையாளம் தெரிவதற்காக நீலக் கட்டம் போட்ட கிரமாக்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றை அணிந்து போனவர்களில் பெரும்பாலோர் போருக்கு முன் உழுது பிழைத்த ஏழைக் குடியானவர்கள்.

மக்கள் ஏன் எதிர்க்கவில்லை?

எதிர்த்தார்கள். சாம் கிராமங்களைச் சொன்னோம். வேறு சில இடங்களிலும் கலகம் மூண்டது. ஆனால் எதிர்ப்புக்குத் தேவையான உடல் வலிமை, செய்தி பரவும் வழி, அண்டை வீட்டார்மேல் நம்பிக்கை ஆகிய மூன்றையும் அந்த ஆட்சி முதல் ஆண்டிலேயே பறித்துவிட்டது. அனுமதிச் சீட்டில்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது. எனவே எதிர்ப்பு சிறு செயல்களாகச் சுருங்கியது: தாய் தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊற்றினாள், பழைய மாணவன் தன் ஆசிரியரைக் கண்டும் காணாததுபோல் கடந்து போனான், ஊர்ப் பொறுப்பாளர் ஒருவர் பட்டியலில் ஒரு பெயரை எழுதாமல் விட்டார். பிழைத்தவர்களின் சாட்சியங்களில் இப்படி ஒருவராவது ஏறக்குறைய எப்போதும் வருகிறார்.

எத்தனை பேர் இறந்தார்கள்? உலகம் என்ன செய்தது?

சுமார் 78 லட்சம் மக்களில் 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை இறந்ததாகப் பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. அதாவது ஐந்தில் ஒருவர், அல்லது அதற்கும் மேல். அடித்துக் கொல்லப்பட்டவர்களோடு பட்டினியாலும் நோயாலும் அளவு கடந்த உழைப்பாலும் மாண்டவர்களும் இதில் அடங்குவர்.

தாய்லாந்து எல்லையைக் கடந்த அகதிகள் 1975 முதலே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்டவர்கள் குறைவு. வியட்நாம் படை 1978 டிசம்பர் 25 அன்று புகுந்து, 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென்னைப் பிடித்தது. அதன் பின்னரும், வியட்நாமுக்கும் சோவியத்துக்கும் எதிரான பனிப்போர்க் கணக்கில், சீனாவும் அமெரிக்காவும் பல ஆசிய நாடுகளும் கம்போடியாவின் ஐ.நா. இருக்கையைத் துரத்தப்பட்ட அதே ஆட்சியின் தரப்புக்கே வாக்களித்து விட்டுவைத்தன. வியட்நாம் ஆதரவோடு அமைந்த புதிய அரசை 1980 ஜூலையில் இந்தியா அங்கீகரித்தது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வெளியே அவ்வாறு செய்த நாடுகள் மிகச் சில. புதைகுழிகள் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தபோது நடந்த அந்த வாக்கெடுப்புகளை நியாயப்படுத்த எந்த ராஜதந்திர விளக்கமும் போதாது.

1979க்குப் பின் வாழ்க்கை எப்படித் திரும்பியது?

முதலில் எல்லோரும் நடந்தார்கள். பிரிந்துபோன கணவனையும் பிள்ளைகளையும் தேடி, எலும்பும் தோலுமாக, நாடு முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக. தம் ஊரை அடைந்தவர்களில் பலர் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதையோ, வீடே இல்லாததையோ கண்டார்கள். 1980 மார்ச்சில் ரியல் நாணயம் மறுபடியும் வெளிவரும் வரை அரிசியும் தங்கமும்தான் பணம். பள்ளிகளைத் திறந்தபோது ஆசிரியர் இல்லை; ஓரளவு படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் பெருமளவில் மாண்டிருந்ததால் ஏராளமான குடும்பங்களைக் கைம்பெண்களே தூக்கி நிறுத்தினார்கள்.

குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா?

மிகச் சிலருக்கு, மிகத் தாமதமாக. போல் பாட் 1998 ஏப்ரலில் தாய்லாந்து எல்லையருகே இறந்தார். எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. கம்போடியாவும் ஐ.நா.வும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் 2006இல் பணி தொடங்கி, 2022இல் கடைசி மேல்முறையீட்டை முடித்தது. டுயிக், கட்சியில் போல் பாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியா, நாட்டின் தலைவர் பதவியில் இருந்த கியூ சம்பான் ஆகிய மூவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார்கள். முதல் இருவர் காவலில் இருந்தபடியே இறந்தார்கள். அந்த ஆட்சியின் வெளியுறவு அமைச்சர் இயெங் சாரி விசாரணை நடக்கும்போதே 2013இல் காலமானார்.

தண்டனையைவிட, சாட்சிக் கூண்டால் கிடைத்த பயன் பெரிது என்று நாங்கள் எண்ணுகிறோம். கிராமத்துப் பெண்கள் வந்து, தமக்கு நடத்திவைக்கப்பட்ட கட்டாயத் திருமணத்தை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பலர் முன்னிலையில் சொன்னார்கள். ஊர்களின் நிலை வேறு. அணைக்கட்டில் பிரம்போடு நின்றவரும் அதே அணையில் மண் சுமந்தவரும் இன்றும் பல கிராமங்களில் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ஒரே விகாரையில் இறந்தவர்களுக்குச் சோறு படைக்கிறார்கள். தன் தந்தையைக் கூட்டிச் சென்றது யார் என்று தெரிந்த மகன், அந்த மனிதரின் பேரப்பிள்ளைகளோடு தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறான்.